இன்னொரு தடவை போடு!

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "எனக்கெல்லாம் எழுத வராதுப்பா" என்று நழுவத்தான் பார்த்தேன். விடவில்லை. "நட்பு, தாய்மை, சுற்றுச்சூழல் மூணையும் ஏற்கெனவே ஆளுக்கொண்ணா எடுத்துட்டாங்க. அது தவிர எதை வேணும்னாலும் எழுது" என்றார். யோசித்துக்கொண்டே ஹாஸ்டல் அறைக்குத் திரும்பினேன். அங்கே வழக்கமான சனிக்கிழமைச் சண்டை நடந்துகொண்டிருந்தது. சரி, இதையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

என்ன சண்டை என்கிறீர்களா? நாங்கள் அறையில் நாலு பேர். ஆத்தூர்க்காரனிடம் அவன் அண்ணனுக்கு அரசாங்கம் கொடுத்த பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. அதில் மாரியோ, கான்ட்ரா, 2002-ல் வந்த வைஸ் சிட்டி என்று எல்லாம் பழசு. "வாங்கடா, ஒரு ரவுண்டு போடலாம்" என்பான் அவன். ஓமலூர்க்காரன் ஒத்துக்கொள்ள மாட்டான். "இன்னும் எத்தனை வருஷம்டா அதே காரை ஓட்டுவ? புதுசா ஒண்ணு வந்திருக்கு, எல்லாரும் டவுன்லோட் பண்ணுங்க" என்று செல்போனை நீட்டுவான். பழசா, புதுசா என்று பேசிப் பேசியே அரைமணி நேரம் போய்விடும். அதற்குள் வார்டன் விளக்கை அணைக்கச் சொல்லிவிடுவார்!

இது வெறும் விளையாட்டுப் பேச்சுதானே என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படி இல்லை நண்பர்களே. நான் இன்றைக்கு மூன்றாம் ஆண்டில் உட்கார்ந்து இதை எழுதுவதற்கும் இந்தப் பழசு புதுசுக் கேள்விக்கும் சம்பந்தம் இருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊர் மஞ்சக்குட்டை. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. அங்கிருந்து இன்னொரு பஸ். காப்பித் தோட்டம், மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரம், காலை ஒன்பது மணிக்கும் கலையாத பனி. இவைதான் ஊர். டூரிஸ்டுகள் ஏரியில் படகு விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடுவார்கள். எங்கள் பக்கம் அவ்வளவாக யாரும் வருவதில்லை. செல்போன் சிக்னல்கூட வீட்டுக்குள் வராது. தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறினால்தான் இரண்டு கோடு தெரியும்.

நான் நாலாவது படிக்கும்போது சித்தப்பா சேலத்திலிருந்து ஒரு டி.வி. கேம் வாங்கி வந்தார். வெள்ளைப் பெட்டி, இரண்டு ரிமோட், ஒரு துப்பாக்கி, ஒரு மஞ்சள் கேசட். 2006-லிருந்து தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்ததே 14 அங்குல இலவச கலர் டி.வி., அது எங்கள் வீட்டிலும் இருந்தது. அதன் பின்னால் வயரைச் செருகினோம். கேசட்டில் '9999 இன் 1' என்று எழுதியிருந்தது. ஒன்பதாயிரத்துச் சொச்சம் கேமா என்று வாய் பிளந்தோம். உள்ளே பார்த்தால் உருப்படியாக இருந்தது சில டஜன்தான். அதையே பெயரை மாற்றி மாற்றிப் பட்டியல் போட்டிருந்தார்கள்!

இந்தப் பெட்டிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1983-ல் ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்று ஒரு கருவியை வெளியிட்டது. அதைப் பார்த்துச் செய்த நகல்கள்தான் 1990-களில் நம் நாட்டுக் கடைவீதிகளில் குவிந்தன. நம் அண்ணன்மார் காலத்துப் பிள்ளைகள் மாரியோவையும் கான்ட்ராவையும் பார்த்தது பெரும்பாலும் இந்த நகல் பெட்டிகளில்தான். 1985-ல் வந்த சூப்பர் மாரியோவின் அளவு மொத்தமே 40 கிலோபைட். எட்டு உலகம், ஒவ்வொன்றிலும் நாலு கட்டம், ஆக 32 கட்டமும் அதற்குள் அடக்கம். இன்று நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு போட்டோவே அதைவிடப் பெரியது. செல்போனில் இப்போது நாம் ஏற்றும் கேம்களோ ஒரு ஜிபி, இரண்டு ஜிபி என்று இடத்தை அடைத்துக்கொள்கின்றன.

கேசட் சில நாள் வேலை செய்யாது. உடனே கழற்றி, வாயில் வைத்து 'ஃபூ' என்று ஊதி, மறுபடி செருகுவோம். வந்துவிடும்! ஊதியதால்தான் வந்தது என்று ஏழு வருஷம் சத்தியமாக நம்பினேன். எலக்ட்ரானிக்ஸ் படிக்க வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஊதியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கழற்றி மறுபடி செருகும்போது முனைகள் சரியாகப் பொருந்துகின்றன, அவ்வளவுதான். வாயின் ஈரம் பட்டால் அந்த முனைகள் அரித்துப்போகவே செய்யும். நன்றாகத் தெரியும் என்று நாம் நினைக்கிற பழைய விஷயத்திலும் தெரியாதது இருக்கிறது என்பதற்கு இதை ஒரு சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அந்த 9999-ல் எங்கள் வீட்டில் ஓடியது ஒரே ஒரு கேம். டேங்க் கேம். அதன் உண்மையான பெயர் 'பேட்டில் சிட்டி', நாம்கோ கம்பெனி 1985-ல் வெளியிட்டது என்பதெல்லாம் இப்போதுதான் தெரியும். திரையின் அடியில் செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு இருக்கும். எதிரி அதைச் சுட்டால் ஆட்டம் முடிந்தது. மேலே இடது, நடு, வலது என்று மூன்று இடத்திலிருந்து டேங்குகள் வரும். ஒரு கட்டத்துக்கு 20 டேங்க். அப்படி 35 கட்டம். இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். மஞ்சள் டேங்க் நான், பச்சை டேங்க் அப்பா.

ஆமாம், அப்பாதான். தோட்டத்து வேலை முடிந்து வந்து, குளித்து, ஒரு டம்ளர் காப்பியோடு பாயில் உட்காருவார். அந்தக் கழுகை அவர் கழுகு என்று சொல்ல மாட்டார், 'வீடு' என்பார். "நான் வீட்டப் பாத்துக்கறேன், நீ மேல போய் அடிடா" என்பார். ஏழு வருஷமும் இதே ஏற்பாடுதான். நான் தெரியாமல் அவர் டேங்கைச் சுட்டுவிட்டால் அது கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிடும். "கண்ணு தெரியலயா உனக்கு?" என்று திட்டுவார். அம்மா அடுப்பங்கரையிலிருந்து சிரிப்பாங்க.

இப்படி ஆடி ஆடி 35 கட்டமும் எனக்கு மனப்பாடம். எந்த டேங்க் எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று கையே சொல்லும். உயிர் போகாமல் பத்துக் கட்டம் தாண்டுவேன். ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை!

இந்தப் பெருமையோடுதான் நான் இந்தக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தேன்.

முதல் செமஸ்டர் எப்படி இருந்தது என்று நம்மில் பாதிப் பேருக்குச் சொல்லவே வேண்டாம். பத்தாவது வரை தமிழ் மீடியம். பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சு. இங்கே வந்தால் கணக்குப் புத்தகம் முழுக்க இங்கிலீஷ். வகுப்பில் 'டவுட் இருக்கா?' என்று கேட்பார்கள். எனக்கு இருந்ததெல்லாம் டவுட்டுதான். ஆனால் கையைத் தூக்க மாட்டேன். தூக்கினால் சிரிப்பார்களே! வீட்டில் கேட்கலாம் என்றால் கேட்பதற்கு யாரும் இல்லை. எங்கள் வீட்டில் இந்தப் படியைத் தொட்ட முதல் ஆள் நான்தான்.

ஹாஸ்டலிலும் அதே கதை. அப்போது பிஜிஎம்ஐ மறுபடி வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வராந்தா முழுக்க அதே சத்தம். நூறு பேர் பாராசூட்டில் குதிக்க வேண்டும், வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், கடைசியில் மிஞ்சுபவன் ஜெயிப்பான். நாலு பேர் ஓர் அணி. என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஊரில் டேங்க் சாம்பியன் அல்லவா! குதித்தேன். துப்பாக்கி எடுப்பதற்குள் செத்தேன். அடுத்த ஆட்டம், கதவைத் திறப்பதற்குள் செத்தேன். மூன்றாவது ஆட்டத்தில் எங்கள் அணிக்காரனையே எதிரி என்று நினைத்துச் சுட்டுக்கொண்டிருந்தேன். அறையே சிரித்தது. "மலையில இதெல்லாம் கெடையாதாடா?" என்று ஒருவன் கேட்டான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. போனை வைத்துவிட்டுத் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் யார் கூப்பிட்டாலும் "எனக்கு அந்த கேம் பிடிக்காது" என்றே சொல்லி வந்தேன்.

பிடிக்காது என்பது பொய். தோற்கப் பிடிக்காது என்பதுதான் உண்மை.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஓடுவேன். இருபது வளைவும் ஏற ஏற மனசு லேசாகும். வீட்டுக்குள் நுழைந்ததும் டி.வி.யைப் போடுவேன். "வந்ததும் வராததுமா அதத் தட்டாதடா, சாப்பிடு மொதல்ல" என்று அம்மா சொல்வது காதில் விழாது. முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம்... எல்லாம் கைக்குள் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை விடியற்காலையில் கீழே இறங்கும்போது மட்டும் வயிறு பிசையும்.

ரிசல்ட் வந்தது. கணக்கு ஒன்று, இயற்பியல் ஒன்று. இரண்டு அரியர்.

ஜனவரி மாதம். காப்பிப் பழம் பறிக்கும் நேரம். அந்த வாரம் நானும் தோட்டத்துக்குப் போனேன். செடியைப் பார்த்ததும் கை தானாக ஓடியது. சின்ன வயசிலிருந்து லீவு நாளில் அப்பா அம்மாவோடு பறித்துப் பழகிய கை. பழுத்தது எது, இன்னும் பத்து நாள் விட வேண்டியது எது என்று கண்ணுக்குத் தெரியும். இங்கே எனக்கு டவுட்டே இல்லை! 'காலேஜ் வேண்டாம்பா, நானும் தோட்டத்துக்கே வந்துடறேன்' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் சொல்லிவிடுவது என்று முடிவே செய்துவிட்டேன்.

சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போனேன். அரியருக்குப் பணம் கட்டக் கடைசித் தேதி என்ன என்று நண்பனிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே வந்து உட்கார்ந்தார். பேசி முடித்ததும், "அந்தப் போன்லயும் ஏதோ டேங்கு கேம் மாதிரி இருக்காமே, அங்க பசங்கல்லாம் ஆடுறாங்களாமே, எங்க காட்டு" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இருந்தாலும் போட்டுக் கொடுத்தேன்.

அவர் விரல் காய்ப்பு ஏறிய விரல். தொட்டால் ஒரு பட்டன் அழுந்தாது, அழுந்தினால் இரண்டு சேர்ந்து அழுந்தும். பாராசூட்டிலிருந்து குதித்து ஓர் ஆற்றுக்குள் விழுந்தார். கரையேறுவதற்குள் முடிந்தது. "என்னாச்சு?" என்றார். "செத்துட்டீங்கப்பா." "அதுக்குள்ளயா? இன்னொரு தடவ போடு."

மறுபடி போட்டேன். இந்தத் தடவை ஒரு வீட்டுக்குள் போய் வெளியே வர வழி தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தார். யாரோ ஜன்னல் வழியாகச் சுட்டான். "எங்க இருந்து சுட்டான்னே தெரியலயேடா!" என்று சிரித்தார். "இன்னொரு தடவ போடு."

அந்த வழியாக வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர், "என்னண்ணே, இந்த வயசுல கேமா?" என்று கேட்டார். நான் கூசிப்போனேன். அப்பா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஆமாப்பா, பையன் சொல்லிக் குடுக்கறான். ஒண்ணும் புரியல, நல்லாருக்கு" என்றார்.

இருட்டும் வரைக்கும் ஆடினார். எத்தனை தடவை செத்தார் என்று எண்ணவில்லை. பத்துக்குக் குறையாது. ஒரு தடவைகூட அவர் முகம் சுருங்கவில்லை. கடைசியாக ஓர் ஆட்டத்தில், ஆற்றில் விழாமல் தரையில் இறங்கி, ஒரு துப்பாக்கியைக் கையில் எடுத்துவிட்டார். அதற்கே, "பாத்தியாடா!" என்று என் முதுகில் ஒன்று வைத்தார்.

'காலேஜ் வேண்டாம்' என்று சொல்ல வந்தவன் அதைச் சொல்லவே இல்லை. அப்பா எனக்கு அறிவுரை ஒன்றும் கூறவில்லை. என் அரியரைப் பற்றி அவருக்கு அப்போது தெரியுமா தெரியாதா என்பதை இன்றுவரை நான் கேட்கவில்லை. ஆனால் படுத்த பிறகு ஒரு ஞாபகம் வந்தது. டேங்க் கேம் வாங்கிய புதிதில் முதல் கட்டத்தையே நாங்கள் நாள்கணக்கில் தாண்ட முடியாமல் இருந்தோம். எங்கள் டேங்கே எங்கள் கழுகைச் சுட்டுவிடும். அப்போதும் அவர் சொன்னது இதையேதான்: இன்னொரு தடவை போடு. என் பழைய ஆட்டமும் ஒரு காலத்தில் புதிய ஆட்டமாகத்தான் இருந்திருக்கிறது. அப்போது தோற்க எனக்கு வெட்கமில்லை. நடுவில் எங்கேயோ அதை நான் மறந்துபோனேன்.

திங்கட்கிழமை கணக்கு வகுப்பில் கையைத் தூக்கினேன். கேள்வியைக் கேட்டேன். இங்கிலீஷும் தமிழும் கலந்து உளறினேன். சிரித்தார்கள். செத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்! ஆனால் ஆசிரியர் அந்தக் கணக்கை மறுபடியும் முதலிலிருந்து போட்டுக் காட்டினார். மணி அடித்த பிறகு, சிரித்தவர்களிலேயே ஒருவன் வந்து, "எனக்கும் அது புரியலடா, நல்ல வேளை நீ கேட்ட" என்றான். அவன்தான் இப்போது என் அறையில் இருக்கும் ஓமலூர்க்காரன். அடுத்த முறை இரண்டு அரியரையும் முடித்தேன். ராத்திரி ஆட்டத்திலும் போய் உட்கார்ந்தேன். முதல் மாதம் முழுக்கத் தோல்விதான். பிறகு மெல்ல மெல்ல ஆற்றில் விழாமல் இறங்கக் கற்றுக்கொண்டேன். நாலு பேரோடு பேசிப் பேசி ஆடியதில் வகுப்பிலும் வாய் திறந்துவிட்டது.

இதோடு முடித்தால், 'பழசை விடு, புதுசைப் பிடி' என்று ஒரு நீதி சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை என்பதைப் பிறகுதான் கண்டுகொண்டேன்.

ஓமலூர்க்காரன் போனில் எப்போது பார்த்தாலும் பத்துப் பன்னிரண்டு கேம் இருக்கும். எல்லாம் புத்தம் புதுசு. ஆனால் ஒன்றிலும் மூன்றாவது கட்டத்தைத் தாண்டியிருக்க மாட்டான். கொஞ்சம் கஷ்டம் வந்ததும், "போர்டா இது" என்று அழித்துவிட்டு வேறொன்றை ஏற்றுவான். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். இவனுக்குப் பழகுவதற்கு முன்பே புளித்துவிடுகிறது! ஒருநாள் அவனிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தொடர்ந்து தோத்தா கடுப்பாவுதுடா" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பழசுக்குள் ஒளிந்தேன், இவன் புதுசுக்குள் ஒளிகிறான். இரண்டு பேரும் ஓடியது ஒன்றைக் கண்டுதான்.

அதே சமயம், பழைய ஆட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடி, யாரும் பார்க்காததைப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். டெட்ரிஸ் தெரியும் அல்லவா? மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்குவது. 1984-ல் ரஷ்யாவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கியது. அதன் நிண்டெண்டோ பதிப்பு 1989-ல் வந்தது. அதில் 29-வது லெவல் வந்தால் கட்டைகள் மனிதக் கைக்கு எட்டாத வேகத்தில் விழும். ஆகவே அதுதான் எல்லை என்று பல வருஷம் எல்லோரும் நம்பினார்கள். பிறகு ஆடுபவர்கள் விரலை வைக்கும் முறையையே மாற்றினார்கள். எல்லை தள்ளிக்கொண்டே போனது. 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஒக்லஹோமாவைச் சேர்ந்த ஒரு 13 வயதுப் பையன் 157-வது லெவல் வரை போனான். அங்கே அவன் தோற்கவில்லை. கேம்தான் திணறி அப்படியே உறைந்து நின்றுவிட்டது! அவன் பிறப்பதற்கு இருபது வருஷத்துக்கும் முன்னால் வந்த கேம் அது.

சூப்பர் மாரியோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1985-ல் வந்த அதை இன்றும் வேகப் போட்டியாக ஆடுகிறார்கள். குறுக்கு வழிகளைப் பிடித்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை 4 நிமிடம் 55 விநாடிக்கும் குறைவாக முடித்திருக்கிறார்கள். படம் ஒரு விநாடிக்கு அறுபது தடவை மாறுகிறது. அந்த அறுபதில் ஒரு பங்கு நேரத்தை மிச்சம் பிடிக்க மாதக்கணக்கில் தோற்றுத் தோற்று ஆடுகிறார்கள். இவர்களைப் பார்த்துப் 'பழசையே கட்டிக்கிட்டு அழறான்' என்று சொல்ல முடியுமா?

ஆக, பழசு புதுசு என்பது கேம் வந்த வருஷத்தில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் தோற்பதற்கு எனக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இடம் இருந்தால் நாற்பது வருஷத்துப் பழைய கேமும் எனக்குப் புதுசு. தோற்றவுடன் ஓடிப்போவேன் என்றால் நேற்று வந்த கேமும் எனக்குப் பிரயோஜனம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிய கேம் நம் கையில் இருப்பது போலத் தோன்றினாலும் நம் கையில் இல்லை. 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. அதில் பப்ஜியும் ஒன்று. நான் அப்போது எட்டாவது. லாக்டவுன் காலம். பெரியம்மா மகன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் போனது. அதே வருஷம் ஜூலையில் பிஜிஎம்ஐ ஸ்டோரிலிருந்து எடுக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் திரும்பி வந்தது. சரியோ தப்போ, வேறெங்கோ ஒரு சர்வரை நிறுத்தினால் நம் கேம் நின்றுவிடும். பழைய கேம்களும் தானாகப் பிழைத்திருக்கவில்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் விலைக்குக் கிடைப்பதில்லை என்று 2023-ல் 'வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன்' ஆய்வு செய்து சொன்னது. யாராவது பத்திரமாக வைத்திருந்தால்தான் உண்டு.

இந்தப் பத்திரம் விஷயத்தில்தான் என் படிப்பு எனக்குக் கைகொடுத்தது. இரண்டாம் ஆண்டில் ஒருநாள் வீட்டுக்குப் போனால் டி.வி. கேம் உயிர் விட்டிருந்தது. "பத்து நாளாச்சுடா, ஊதியும் பாத்துட்டேன்" என்றார் அப்பா. திறந்து மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். அடாப்டரிலிருந்து கரண்ட் வருகிறது, உள்ளே 7805 ரெகுலேட்டர் அவுட்புட்டில் ஐந்து வோல்ட் இல்லை. லேபில் நாம் எத்தனை தடவை பார்த்த அதே ஐசி! சேலத்தில் ஒன்று வாங்கிப் போய் அடுத்த வாரம் சால்டர் வைத்தேன். கேசட் முனைகளைப் பென்சில் ரப்பரால் துடைத்துச் செருகினேன். ஊதவில்லை. டி.வி.யில் படம் வந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. டேங்க் கேம் தொடங்கும் திரையில் மூன்று வரி இருக்கும். ஒருவர் ஆட, இருவர் ஆட, மூன்றாவதாக ஓர் இங்கிலீஷ் வார்த்தை. இத்தனை வருஷமும் நாங்கள் இரண்டாவது வரியைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. அப்பா அன்று விரலை நீட்டி, "அது என்னடா கீழ?" என்றார். கன்ஸ்ட்ரக்‌ஷன் என்று படித்தேன். கட்டுமானம். அழுத்தினோம். வெறும் கறுப்புத் திரை. செங்கல், இரும்பு, தண்ணீர், புதர் எதை வேண்டுமானாலும் நாமே வைத்து நம் சொந்தக் கட்டத்தைக் கட்டிக்கொள்ளலாம்! அத்தனை வருஷமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

அப்பா ஒரு மணி நேரம் கட்டினார். வீட்டைச் சுற்றி இரும்பு, அதைச் சுற்றித் தண்ணீர், வரிசை வரிசையாகப் புதர். "தோட்டம் மாதிரியே இருக்குல்ல?" என்றார். அதில் ஆடினோம். புதருக்குள் புகுந்த எதிரி டேங்க் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் செத்தோம். சாம்பியன் நான், ஐந்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மின்சாரத்தை நிறுத்தினால் கட்டினதெல்லாம் அழிந்துவிடும். அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அடுத்த வாரம் வேறு மாதிரி கட்டலாம் என்றார்.

காப்பிச் செடியில் எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுக்காது. ஒரே செடிக்கு ஒரு பருவத்தில் மூன்று நாலு தடவை போக வேண்டும். போன தடவை பச்சையாக இருந்தது இந்தத் தடவை சிவந்திருக்கும். போனதே ஒரு வழக்கம் என்று போய்ப் பழமில்லாத செடியை உருவிக்கொண்டு நிற்பவனுக்குக் கூடை நிறையாது. ஒரே வரிசையிலேயே நின்று மேல்வரிசைக்கு ஏறாதவனுக்கும் நிறையாது. இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கேமுக்கும் படிப்புக்கும் இது பொருந்தும் என்று எனக்குத்தான் மூன்று வருஷம் கழித்துப் புரிகிறது.

இப்போது நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பழைய ஆட்டத்தைத் தொடும்போது, எதற்காகப் போகிறேன் என்று என்னையே கேட்டுக்கொள்வேன். அப்பாவோடு உட்காரவா? இதுவரை பார்க்காத ஒன்றைப் பார்க்கவா? போகலாம். நாளைக்கு எழுத வேண்டிய தேர்வை மறக்கவா? அப்படியானால் ரிமோட்டைக் கீழே வைத்துவிட வேண்டும். புதிய ஆட்டத்தை ஏற்றினால் குறைந்தது ஒரு மாதம் தோற்காமல் அதை அழிப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் இப்படியே நடந்துவிடுகிறதா என்றால் இல்லை. போன செமஸ்டர் தேர்வுக்கு முந்தின ராத்திரி நான் எங்கே இருந்தேன் என்று என் அறை நண்பர்கள் சொல்வார்கள்!

நண்பர்களே, இன்னும் சில வாரத்தில் மூன்றாம் ஆண்டுக்காரர்கள் நாங்கள் வெளியே போகிறோம். சிலர் வேலைக்கு, சிலர் பி.இ.க்கு. எங்கே போனாலும் முதல் நாள் நமக்கு ஒன்றும் தெரியாது. யாராவது சிரிக்கத்தான் செய்வார்கள். எனக்கு ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்திருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது. தேர்வு வருகிற திங்கட்கிழமை.

அதற்கு முன் சனி ஞாயிறு ஊருக்குப் போகிறேன். ஒளிந்துகொள்ள அல்ல. அப்பா புதிதாக ஒரு கட்டம் யோசித்து வைத்திருக்கிறாராம். அதில் ஒரு தடவை செத்துவிட்டு வருகிறேன்.